காலநிலை மாற்றம்: பிள்ளைகள் ஆராயட்டும், நாம் விடை சொல்ல அவசரப்பட வேண்டாம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரைக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையிலுள்ள ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். காலநிலை மாற்றம் பற்றிப் பிள்ளைகள் எழுதிவரும் செயல்திட்டத் தாள்களைத் திருத்துவதும், 1993 முதல் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆர்வமுள்ளவர்களைத் தயார்செய்வதும் என் வேலையோடு சேர்ந்தவை. சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்த தாள் இன்னும் நினைவில் இருக்கிறது. அட்டையில் பனிக்கரடி. உள்ளே, எங்கள் ஊர் ஏரி வற்றியது, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்கியது, சிலருடைய பற்களில் மஞ்சள் கறை படிந்தது, மாம்பூ உதிர்ந்தது, ஏரிக்கரையில் பிளாஸ்டிக் சேர்ந்தது ஆகிய ஐந்துக்கும் காலநிலை மாற்றம் என்ற ஒரே காரணம் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முழு மதிப்பெண் கொடுத்தேன். இன்று அதே தாள் வந்தால் கொடுக்க மாட்டேன்.

அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே உண்மை. பல் கறையை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் ஃபுளோரைடு கூடினால் வரும் ஃபுளோரோசிஸ் நோயின் அடையாளம் அது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதற்கு இங்குள்ள கருங்கல் பாறைகளே மூல காரணம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. பாறையிலிருந்து நீரில் கரைந்து வரும் ஒன்றுக்குக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குற்றம் சொல்ல முடியாது. கிணறு வற்றுவதும் அப்படியே. மழை குறைவதால் வற்றலாம், மழை அதே அளவு பெய்தும் ஆயிரம் அடி துளைத்து மோட்டார் வைத்து இரவும் பகலும் இறைப்பதால் வற்றலாம், இரண்டும் சேர்ந்தும் வற்றலாம். வறட்சி நீண்டால் இன்னும் ஆழத்துக்குத் துளைக்கிறோம், ஆழத்திலிருந்து வரும் நீர் பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீராக இருக்கிறது, அதில் ஃபுளோரைடு கூடுதலாகக் கரைந்திருக்கக்கூடும் என்று ஒரு பிள்ளை சங்கிலியாகக் கோத்து எழுதினால், ஒவ்வொரு கண்ணிக்கும் அது என்ன ஆதாரம் வைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு மனமாரப் பாராட்டுவேன். கண்ணிகளைக் காட்டாமல் முதலையும் முடிவையும் மட்டும் சேர்த்துக் கட்டுவதைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் ஆராய்ச்சிக்கு மாமரத்தைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பது என் எண்ணம். பெரும்பாலான வீடுகளில் சொந்தத் தோப்போ, குத்தகைத் தோப்போ, தோப்பில் கூலி வேலையோ இருக்கும். அப்பா மார்கழியில் மரத்தை அண்ணாந்து பார்ப்பதைப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். மா பூப்பதற்கு வறண்ட, குளிர்ந்த இரவுகள் வேண்டும். இரவு வெப்பம் போதிய அளவு இறங்காவிட்டால் பூக்க வேண்டிய கிளை தளிர்விட்டுவிடும். பூத்த பிறகு மழை பிடித்தால் கருகல் நோயும், மேகமூட்டம் நீடித்தால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் வரும். ஆகவே பூக்கும் தேதியில் வெப்பத்தின் சுவடு நிச்சயம் இருக்கும். ஆனால் அதைப் படிப்பது எளிதல்ல. மா ஓராண்டு நன்றாகக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுக்கும் மரம். தவிர, பல தோப்புகளில் பூ வரவழைக்க வேரில் கல்டார் என்ற மருந்தை ஊற்றுகிறார்கள். ஊற்றிய மரம் தன் கணக்கில் பூக்காது. பெங்களூரா ரகம் ஒரு சமயம், செந்தூரா ரகம் வேறொரு சமயம் பூக்கும். இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல், 'இந்த ஆண்டு மாம்பூ தாமதம், எனவே புவி வெப்பமாதல்' என்று எழுதும் தாளில் ஆராய்ச்சி இல்லை.

அதனால் பிள்ளைகளிடம் தோப்பைப் பார்க்கச் சொல்வதில்லை. ஒரு மரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். வீட்டுக் கொல்லையிலோ வழியிலோ நிற்கும், மருந்து ஊற்றாத ஒரே மரத்தை வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் பார்த்து, தளிர், மொட்டு, பூ, பிஞ்சு, காய் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். இது என் கண்டுபிடிப்பு அன்று. சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இந்தியா முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இப்படித்தான் மரங்களின் பருவங்களைப் பதிவுசெய்கிறது. மாமரம் இல்லாத பிள்ளைக்குப் புளியமரமும் புங்கமரமும் இருக்கவே இருக்கின்றன. முதல் மாதம் உற்சாகமாக எழுதுவார்கள். மூன்றாம் மாதம் 'பூ இல்லை, பூ இல்லை' என்று எழுதி அலுத்துப்போவார்கள். 'பூ இல்லை' என்பதும் தகவல்தான் என்று புரியவைப்பதுதான் ஆசிரியருக்கு இதில் மிகக் கடினமான வேலை.

அடுத்தது பெரியவர்களிடம் கேட்பது. பிள்ளைகள் நேராகப் போய், "ஆயா, அந்தக் காலத்தைவிட இப்போ மழை குறைஞ்சிடுச்சுதானே?" என்று கேட்பார்கள். எந்த ஆயா இல்லை என்று சொல்வார்? "ஆமா கண்ணு, அப்போல்லாம் மாசம் மும்மாரி" என்று பதில் வரும், பிள்ளையும் அதை ஆதாரம் என்று எழுதிக்கொள்ளும். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் கேட்டவருடைய விடைதான் திரும்பி வரும். அதற்குப் பதிலாக, நினைவு தங்கும் இடங்களைப் பிடித்துக் கேட்கப் பழக்குகிறேன். உங்களுக்குக் கல்யாணம் ஆன ஆண்டில் ராகியை எந்த மாதம் விதைத்தீர்கள்? சாமை எப்போது நின்றது, ஏன் நின்றது? கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்தபோது தண்ணீர் எத்தனை ஆள் மட்டத்தில் இருந்தது? பொங்கலுக்கு முன்பே மாம்பூ வந்த ஆண்டு நினைவிருக்கிறதா? இப்படிக் கேட்டால் வரும் பதில்கள் வேறு. சாமை நின்றதற்கு மழையைவிட, குத்திப் புடைக்க ஆளில்லாததையும் ரேஷன் அரிசி வந்ததையும் காரணமாகச் சொன்ன பாட்டிகள் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் அந்த மொழியிலேயே கேட்டு, சொன்ன சொல்லையே எழுதிக்கொள்ளட்டும். மழைக்கும் காற்றுக்கும் மண்ணுக்கும் அந்த வீடுகளில் வழங்கும் சொற்கள் நம் பாடப்புத்தகத்தில் இல்லாதவை.

பெரியவர்களின் நினைவோடு ஒப்பிட்டுப் பார்க்க அளவு வேண்டும். மழைமானி செய்ய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலே போதும். ஆனால் செய்யும் விதத்தில்தான் பெரும்பாலான செயல்திட்டங்கள் சறுக்குகின்றன. பாட்டிலின் மேற்பகுதியை அறுத்துக் கவிழ்த்துப் புனலாக வைக்கிறோம். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருப்பதால், அங்கே கூழாங்கற்களைப் போட்டு, பாட்டில் நேராக நிமிரும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறிக்க வேண்டும். சுவர் நேராக இருக்கும் பாட்டிலாகப் பார்த்து எடுக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் பொய் சொல்லும். ஓட்டு விளிம்புக்கோ வேப்பமரத்துக்கோ கீழே வைக்கக் கூடாது. இந்திய வானிலைத் துறை அளப்பது போலவே தினமும் காலை 8.30 மணிக்கு அளந்துவிட்டு, மீண்டும் சுழியக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று சொன்னதும், பள்ளிக் கூரையின் நீள அகலத்தை அளக்கப் பிள்ளைகள் தாமாகவே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு அளந்தாலும் ஓராண்டு அளவை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. வானிலை என்பது இன்று பெய்யும் மழை. காலநிலை என்பது ஏறத்தாழ முப்பது ஆண்டுச் சராசரி. உலக வானிலை அமைப்பு அந்த முப்பது ஆண்டுக் கணக்கைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. 'அப்படியானால் நாங்கள் எதற்கு அளக்க வேண்டும்?' என்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. நம் நோட்டு தனியாக எதையும் நிரூபிக்காது, நீண்ட பதிவோடு சேர்த்து வைத்தால்தான் பொருள் தரும் என்று சொல்லி, மௌனா லோவா எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். ஹவாய்த் தீவின் அந்த மலைமேல் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் சுமார் 315 கார்பன் டை ஆக்சைடாக இருந்தன. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது சுமார் 280. பிள்ளைகள் இதை வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணைக்கட்டும். மாதவாரியாக வைத்தால் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும். வடகோளத்துக் காடுகள் தளிர்க்கும் காலத்தில் அளவு இறங்கி, இலையுதிர்ந்த பின் ஏறுகிறது. அந்தப் பற்களைக் கையால் வரைந்த பிள்ளைக்கு, நடுவே ஏறிக்கொண்டே போகும் கோட்டைப் பற்றி நான் தனியாகப் பேச வேண்டியிருப்பதில்லை.

சோதனைகள் குறித்து ஓர் எச்சரிக்கை. இரண்டு பாட்டில்களில் ஒன்றில் வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, இரண்டையும் விளக்கின் கீழ் வைத்து, வாயு உள்ள பாட்டில் கூடுதலாகச் சூடாவதைக் காட்டும் சோதனையைப் பல கண்காட்சிகளில் பார்க்கலாம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அகச்சிவப்பு என்ற வெப்பக் கதிரை உறிஞ்சாத ஆர்கான் வாயுவை நிரப்பினாலும் கிட்டத்தட்ட அதே சூடு ஏறுகிறது. காற்றைவிடக் கனமான வாயு பாட்டிலுக்குள் கலங்காமல் தங்கி வெப்பத்தை வெளியே விடாததே அங்கே முக்கியக் காரணம். விடை சரி, வழி தவறு. இந்தச் சோதனையை நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக, 1856-இல் அமெரிக்கப் பெண் அறிவியலாளர் யூனிஸ் ஃபுட் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்ததையும், 1859-இல் இயற்பியலாளர் ஜான் டிண்டல் வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளந்ததையும் கதையாகச் சொல்வது நேர்மையானது.

இணையத்திலும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிலும் கிடைப்பதைப் பிள்ளைகள் அப்படியே எழுதுகிறார்கள் என்று பெற்றோர் குறைபடுகிறார்கள். தடுப்பதில் பயனில்லை, சோதிக்கப் பழக்கலாம். பூமி சூரியனைவிட்டு வெகு தொலைவு போய்விடுவதால் சில மாதங்கள் கடுங்குளிர் இருக்கும், எல்லோரும் கவனமாக இருங்கள் என்று வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். அதையே பாடமாக்கினேன். சராசரித் தொலைவு சுமார் 15 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி, ஜனவரியில் 14.7 கோடி. வேறுபாடு மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் ஜனவரியில்தான் நமக்குப் போர்வை தேவைப்படுகிறது என்பதை ஒரு மாணவி சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகிறது என்ற குழப்பமும் இதே வழியில்தான் தீரும். எந்தக் கதிர், எந்த வாயு என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளைக்கு உலகம் அழியப்போகிறது என்ற காணொளியைக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. இந்தியரின் தலைக்கான கார்பன் வெளியீடு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. மானாவாரி நிலத்தில் கொள்ளும் ராகியும் விதைக்கும் வீட்டுப் பிள்ளையிடம், 'நீ விளக்கை அணைக்காததால்தான் பனி உருகுகிறது' என்ற குற்றவுணர்வை ஏற்றுவது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது.

ஆனால் பிள்ளைகள் நேரில் கண்ட பயம் ஒன்று உண்டு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் நமக்கு என்ன என்றுதான் எல்லோரும் இருந்தோம். டிசம்பர் 2 காலையில் முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் பதிவாயின. ஓராண்டு முழுவதும் சேர்த்து எங்களுக்குக் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் அந்த ஒரே நாளில் கொட்டியது. நிறுத்தியிருந்த வாகனங்கள் தண்ணீரோடு போயின. பள்ளி திறந்ததும், "இது காலநிலை மாற்றமா சார்? மறுபடி வருமா?" என்று கேட்டார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெருமழைகள் இன்னும் பெரிதாக வாய்ப்பு கூடுகிறது, ஆனால் இந்த ஒரு மழைக்கு அதுவே காரணம் என்று நாம் இங்கே உட்கார்ந்தபடி சொல்லிவிட முடியாது என்று பதில் சொன்னேன். பிறகு எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எந்த ஓடை அடைபட்டிருந்தது என்று சுவர்களில் படிந்த சேற்றுக் கோட்டை அளக்கப் போனோம். அளந்துகொண்டிருந்த நேரத்தில் யாரும் மறுபடி வருமா என்று கேட்கவில்லை.

பள்ளி மழைமானி அன்று நிரம்பி வழிந்திருந்தது; அந்தப் பாட்டிலின் உயரமே ஒரு சாண்தான். மழை நோட்டுப் பொறுப்பிலிருந்த மாணவன், செய்தியில் வந்த 50 என்ற எண்ணை எங்கள் பத்தியில் எழுதப் பேனாவை எடுத்தான். அது தாலுகா மழைமானியின் அளவு, நம்முடையது அன்று என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'பாட்டில் நிரம்பி வழிந்தது, அளவு தெரியவில்லை' என்று எழுதினான். பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டு, 'ஊத்தங்கரை, அரசு அளவு' என்று தலைப்பிட்டு அதில் 50 எழுதினான். அந்த நோட்டு இப்போது அடுத்த வகுப்பிடம் இருக்கிறது. அவர்கள் பாட்டிலுக்குப் பதிலாக உயரமான பிவிசி குழாய்த் துண்டை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.