வாயைக் கட்டியும் எடை ஏன் திரும்புகிறது?

அமெரிக்காவில் 2009-ல் ஒளிபரப்பான 'தி பிகஸ்ட் லூசர்' எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு மறுபடி அழைத்து அளந்து பார்த்தது. போட்டியின்போது முப்பது வாரத்தில் ஆளுக்குச் சராசரியாக 58 கிலோ இறக்கியவர்கள். அதில் 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது.

கட்டுப்பாடு போய்விட்டது, தின்றுவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஹால் குழு, சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு கலோரி எரிக்கிறது என்பதையும் அளந்தது. அவர்களுடைய எடைக்கும் வயதுக்கும் எரிய வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரிந்துகொண்டிருந்தது. அதாவது, அதே எடையுள்ள இன்னொருவர் சாப்பிட்டு அப்படியே இருக்கும் சாப்பாட்டை இவர்கள் சாப்பிட்டால் எடை ஏறும்.

இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது லெப்டின். கொழுப்புச் செல்கள் சுரக்கும் இந்த ஹார்மோனை 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. கொழுப்பு கரைந்தால் லெப்டினும் இறங்கும். உடனே மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், சம்பளம் நின்றுபோன வீட்டைப் போலச் செலவை இறுக்கிப் பிடிக்கும், பசியையும் கூட்டிவிடும். நாமாக இருக்கும் டயட்டுக்கும் பஞ்சத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. போட்டி முடிந்தபோது அவர்களுக்கு லெப்டின் கிட்டத்தட்ட வற்றிப்போயிருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகும் பழைய அளவுக்கு அது வரவில்லை.

ஒல்லியானவர்களுக்கும் இதே கதைதான். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்திருந்தார். தினமும் கிடைத்தது சுமார் 1,570 கலோரி. (இன்றைய டயட் சார்ட்டுகள் பலவற்றில் இந்த அளவுகூடக் கிடையாது!) கொள்கைக்காக ஊரையே எதிர்த்து நின்ற அந்த இளைஞர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களை ஆசை ஆசையாகப் படித்தார்கள். உயரத்துக்கேற்ற எடையா என்று கணக்குப் போட்டு டாக்டர் அறையில் நம்மைப் பயமுறுத்தும் 'பி.எம்.ஐ.' என்ற பெயரை 1972-ல் வைத்ததும் இதே கீஸ்தான்.

இவ்வளவு தெரிந்தும் குண்டானவர் என்றால் சோம்பேறி, நாக்கை அடக்கத் தெரியாதவர் என்ற எண்ணம் போகவில்லை. மனதுக்குள் ஒளிந்திருக்கும் வெறுப்பை அளக்கும் ஒரு சோதனையை 2007 முதல் 2016 வரை லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் எழுதினார்கள். இனம், நிறம், ஓரினச்சேர்க்கை மீதான வெறுப்பு குறைந்துகொண்டே வர, உடல் எடை மீதானது மட்டும் கூடியது.

இப்போது செமாகுளுடைடு ஊசி வந்திருக்கிறது. குடல் ஹார்மோன் ஒன்றைப் போல நடித்துப் பசியை அடக்குகிறது. போட்டுக்கொண்டவர்களுக்கு எடை நன்றாகவே இறங்கியது. மன உறுதியை யாரும் ஊசியில் ஏற்றவில்லை. ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது.