எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிய பிறகும் பட்டறை ஏன் வேகிறது?

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்குக் காற்றோட்டம் பார்க்கப் போனால், "எத்தனை இஞ்ச் ஃபேன் சார் போடலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வெளிக்காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது? அது தெரியாமல் 24 இஞ்ச் போட்டாலும் 36 இஞ்ச் போட்டாலும் கரண்ட் பில்தான் ஏறும்.

ஃபேன் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவும் உள்ளே வந்தாக வேண்டும். வழி இல்லையென்றால் ஃபேன் சத்தமாக ஓடும், காற்று நகராது. ஃபேன் ஓடும்போது கதவு இறுக்கிப் பிடிக்கிறதா, இடுக்கில் விசில் மாதிரி சத்தம் வருகிறதா, அதுதான் அடையாளம். இதற்கு நேர்மாறான தப்பையும் நிறைய இடங்களில் பார்க்கிறேன். ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருக்கும், அந்த ஜன்னல் காற்றையே ஃபேன் இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும், இருபது அடி தள்ளி லேத்தில் நிற்பவர் மட்டும் சட்டை நனைந்து நிற்பார். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அவர் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள் (தின்னர், பெயிண்ட் இருக்கும் இடத்தில் வேண்டாம்), புகை நின்று சுழன்றால் அங்கே காற்றோட்டம் இல்லை. காற்று எதிர்ச்சுவரில் கீழே நுழைந்து, ஆட்களைக் கடந்து, மேலே ஃபேன் வழியாக வெளியேற வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 60 அடி நீளம், 40 அடி அகலம், 15 அடி உயரம் உள்ள ஷெட் என்றால் 36,000 கன அடி. உள்ளே உள்ள காற்று மணிக்கு 20 தடவை மாற வேண்டும் என்று வைத்தால் நிமிடத்துக்கு 12,000 கன அடி, அதாவது 12,000 சிஎஃப்எம். அது நிமிடத்துக்கு 500 அடி வேகத்தில் உள்ளே வர 24 சதுர அடி திறப்பு தேவை. வலை அடித்திருந்தால் இன்னும் பெரிதாக வேண்டும். கேட்டலாக்கில் பெரிய எழுத்தில் இருக்கும் சிஎஃப்எம் பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. லூவரும் (சாய்வுப் பட்டைகள் வைத்த மூடி) வளைவான டக்டும் (காற்றுக் குழாய்) சேர்த்தால் அது கிடைக்காது. நீள டக்ட் என்றால் சாதா இறக்கை ஃபேன் திணறும், உறைக்குள் சக்கரம் சுழன்று காற்றைத் தள்ளும் ப்ளோயர்தான் சரி.

மாட்டிய அன்றே சுற்றும் திசையைப் பாருங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறினால் போதும், தலைகீழாகச் சுற்றும். இறக்கை ஃபேன் என்றால் காற்று உள்ளே அடிக்கும், உடனே தெரிந்துவிடும். ப்ளோயரில் அப்படித் தெரியாது, தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், ஆனால் ரொம்பக் குறைவாக. மோட்டார் ஓடுகிறது, காற்றும் வருகிறது என்று வருஷக்கணக்கில் அப்படியே விட்டிருப்பார்கள். உறைமேல் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

வெல்டிங் புகைக்குச் சுவரில் இருக்கும் ஃபேனை நம்பவே கூடாது. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. உறிஞ்சும் வாயின் விட்டம் 8 இஞ்ச் என்றால், 8 இஞ்ச் தள்ளிப் போனதுமே இழுப்பு வேகம் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் ஹூட் (அந்த உறிஞ்சும் வாய்) வேலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அதுவும் பக்கவாட்டில். வெல்டரின் தலைக்கு மேலே வைத்தால் புகை அவர் மூக்கைக் கடந்துதான் மேலே போகும். தூசியும் புகையும் கிளம்பும் இடத்துக்கு முடிந்த அளவு அருகில் உறிஞ்ச வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 14ஆம் பிரிவில் எழுதி வைத்தது.

பெயிண்ட் அடிக்கும் இடம் தனிக் கதை. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், கூரை ஃபேன் அதை எடுக்காது. கீழ்மட்டத்திலிருந்து இழுக்க வேண்டும், மோட்டார் ஃப்ளேம்ப்ரூஃப் வகையாக (உள்ளே பற்றும் தீ வெளியே பரவாத உறை கொண்டதாக) இருக்க வேண்டும். இதில் மட்டும் தயவுசெய்து காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சாதா மோட்டாரில் ஒரு பொறி கிளம்பினால் உயிர் போகும்.

அப்புறம் பராமரிப்பு. பிளேடில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டினால் காற்று குறையும், அதிர்வு வந்து பேரிங் போகும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். காலை வேளையில் முழு வேகம் தேவையில்லை என்றால் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவி போடலாம், வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்றும் அதே 20 சதவீதம்தான் குறையும், மோட்டார் இழுக்கும் மின்சாரமோ பாதியளவுக்கு இறங்கிவிடும்.