ஸ்கேன் செய்துவிட்டார்களாம், டிஸ்க் வந்துவிடுமாம்!

பழைய படங்களின் நெகட்டிவைத் துடைத்து, ஒட்டு பிரிந்த இடங்களைச் சரிசெய்து, ஸ்கேன் செய்து, கோடும் கறையும் நீக்கிக் கொடுப்பது என் தொழில். என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்த சினிமா சேகரிப்பாளர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், டிஸ்க் எப்போ சார்?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

உடனடிக் காரணம் போன வாரம் வந்த ஒரு மின்னஞ்சல். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் ரீல் டப்பாக்கள் எங்கள் மேசைமேல் இருக்கும் புகைப்படம் எப்படியோ வெளியே போயிருக்கிறது. மூடியில் படத்தின் பெயர் தெரிகிறது. அதைப் பார்த்த ஒரு சேகரிப்பாளர், 4கே (மிக நுணுக்கமான படத் தெளிவு) டிஸ்க் வரப்போகிறது என்று தானாகவே முடிவுகட்டி, கையிலிருந்த டிவிடியை விற்றுவிட்டார். அதில் இயக்குநர் பேசிய வர்ணனை இருந்தது, அசல் மோனோ ஒலி இருந்தது. அந்தப் பதிப்பு கடைகளில் கிடைக்காமல் போய் வெகுகாலமாகிறது. இப்போது "இன்னும் ஏன் அறிவிப்பு வரவில்லை" என்று என்னிடம் கோபித்துக்கொள்கிறார்.

அந்த டப்பாக்கள் ஸ்கேனுக்கே வரவில்லை. வினிகர் வாடை அடிக்கிறதா என்று பார்க்க வந்தவை. அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அமிலம் கசியும். ஏ-டி ஸ்ட்ரிப் என்று ஒரு சின்ன நீலக் காகிதத் துண்டு இருக்கிறது. அதை டப்பாவுக்குள் வைத்து மூடி, மறுநாள் எடுத்துப் பார்ப்போம். நீலம் அப்படியே இருந்தால் நிம்மதி. பச்சைக்குத் திரும்பியிருந்தால் கெடத் தொடங்கிவிட்டது. மஞ்சளாகியிருந்தால் அந்த ரீலை உடனே தனியாகப் பிரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ரீலையும் கெடுத்துவிடும். டப்பாவைத் திறந்தது இதற்காகத்தான். டிஸ்க் என்ற பேச்சு அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை.

இன்னொருவர், "உள்ளே ஆள் இருக்கிறது" என்று சொன்ன யாரோ ஒருவரிடம் முன்பணம் கட்டியிருந்தார். உள்ளே இருக்கும் ஆள் நான்தான். எனக்கே தேதி தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு. படத்தை ஸ்கேன் செய்துவிட்டார்கள், அல்லது ரெஸ்டோர் செய்து விழாவில் திரையிட்டுவிட்டார்கள், ஆகவே டிஸ்க் வந்தே தீரும் என்ற நம்பிக்கை. படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள்கூட இதில் விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்கேன். வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 சட்டகங்கள். 4கே அளவில் ஒரு சட்டகம் கிட்டத்தட்ட 50 எம்பி பிடிக்கும். மொத்தம் ஏறக்குறைய 11 டெராபைட். இவ்வளவையும் எடுத்து எல்டிஓ என்ற கணினிக் காந்த நாடாவில் ஏற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிற காப்பகங்கள் நிறைய. ஃபிலிம் ஒருநாள் உதிர்ந்துபோனாலும் படம் மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்த ஸ்கேனைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெளிறிப்போன படம், ஒட்டு வரும் இடமெல்லாம் ஒரு குதி, எங்கும் தூசி. ஒலி அறவே இருக்காது. கேமரா நெகட்டிவில் ஒலி கிடையாது, அது தனி நெகட்டிவில் இருக்கும். பல படங்களுக்கு அந்த ஒலி நெகட்டிவ் எங்கே என்றே யாருக்கும் தெரியாது.

அடுத்தது ரெஸ்டோரேஷன். இங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, பணம் யார் கொடுத்தார்கள் என்பது. காப்பகம் கொடுத்திருக்கலாம், அறக்கட்டளை கொடுத்திருக்கலாம், இயக்குநரின் குடும்பம் கொடுத்திருக்கலாம். அவர்கள் பெரும்பாலும் கேட்பது தியேட்டரில் ஓட்டுவதற்கான டிசிபி என்ற டிஜிட்டல் தொகுப்பு. அது தியேட்டர் புரொஜெக்டருக்காக வண்ணம் பார்த்துச் செய்தது. அதை அப்படியே டிஸ்கில் ஏற்றிவிட முடியாது. வீட்டுத் திரைக்கு மறுபடி கிரேடிங், அதாவது வண்ணமும் வெளிச்சமும் சரிபார்ப்பது, செய்ய வேண்டும். வெளிச்சமும் இருளும் கூடுதலாகத் தெரியும் எச்டிஆர் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு சுற்று. அப்புறம் சப்டைட்டில், கோப்பின் அளவைச் சுருக்குவது, எல்லாவற்றையும் டிஸ்கில் ஓடும்படி கோக்கும் ஆத்தரிங், மெனு, சோதனை டிஸ்க் போட்டு முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பது. எல்லாம் தனித்தனிச் செலவு. விழாவுக்குப் பணம் கொடுத்தவர் இதற்கும் கொடுப்பார் என்று யார் சொன்னது?

எல்லாவற்றையும் விடப் பெரிய முட்டுக்கட்டை உரிமை. விழாவில் திரையிடும் உரிமை வேறு, டிஸ்க் போடும் உரிமை வேறு. அதுவும் நாட்டுக்கு நாடு பிரிந்து கிடக்கும். படத்தின் உரிமை கிடைத்தால் பாட்டின் உரிமை இன்னொருவரிடம் இருக்கும். சார்லஸ் பர்னெட் 1977இல் முடித்த 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படம் பத்திரமாக இருந்தது, புகழும் இருந்தது. பின்னணியில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமை வாங்காததால் முறையாக வெளியிட முடியாமலே கிடந்தது. 35 எம்எம்முக்கு ரெஸ்டோர் செய்த பிறகும் அந்த உரிமைகளுக்காகக் காத்திருந்து, 2007இல்தான் தியேட்டருக்கும் டிவிடிக்கும் வந்தது. ஆபெல் கான்ஸின் பழைய மௌனப் படமான 'நெப்போலியன்' 2016இல் பிரிட்டனில் பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் திரைப்படக் கழகம்) வெளியீடாக ப்ளூ-ரேயில் வந்தது. அதே டிஸ்க் அமெரிக்காவில் வெளியாகவில்லை. அங்கே உரிமை பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா தரப்பிடம் இருந்தது. படச்சுருளை எவ்வளவு சுத்தமாகத் துடைத்தாலும் இந்த மாதிரிக் கறை போகாது, அது எங்கள் கையில் இல்லை.

"பதேர் பாஞ்சாலி வந்ததே சார்?" என்று உடனே கேட்பார்கள். வந்தது. 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகிய அந்த சத்யஜித் ரே படத்தின் நெகட்டிவை மீட்டெடுத்து, 2015 மே மாதம் நியூயார்க்கில் திரையிட்டு, அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கும் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ரெஸ்டோரேஷனில் ஆஸ்கர் விருது தரும் அகாடமியின் காப்பகத்தோடு கைகோத்து வேலை செய்ததே டிஸ்க் வெளியிடும் கிரைடீரியன் நிறுவனம்தான். டிஸ்க் போடுபவரே முதல் நாளிலிருந்து மேசையில் உட்கார்ந்திருந்தால் ஆறு மாதத்தில் வரும். அப்படி அமைவது அபூர்வம்.

பிரிண்ட் ஓட்டினாலே போதும், வதந்தி கிளம்பிவிடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2025 ஜூனில் பிஎஃப்ஐ தன் காப்பகத்திலிருந்த 1977ஆம் வருட 'ஸ்டார் வார்ஸ்' டெக்னிகலர் பிரிண்டை ஒரு விழாவில் ஓட்டியது. பின்னால் இயக்குநர் செய்த மாற்றங்கள் இல்லாத அந்த முதல் வடிவத்துக்காகப் பல பத்தாண்டுகளாக ஏங்குபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு காப்பகம் தன்னிடம் உள்ள பிரிண்டை ஓட்டுவது காப்பகத்தின் அன்றாட வேலை. அதிலிருந்து டிஸ்குக்கு ஒரு கோடு இழுப்பது நம் ஆசை மட்டுமே. ஒன்று சொல்லட்டுமா? அந்த முதல் வடிவம் அதிகாரபூர்வமாகக் கடைசியாக டிவிடியில் வந்தது 2006இல், அதுவும் கூடுதல் டிஸ்காக, 1993ஆம் வருட லேசர் டிஸ்க் (டிவிடிக்கு முந்தைய பெரிய தட்டு) மாஸ்டரிலிருந்து எடுத்தது. தரம் சுமார்தான். "அடுத்த வருஷம் நல்லது வந்துவிடும்" என்று அதை விற்றவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்ற அடையாளங்களும் இப்படித்தான். கடைகளின் இணையப் பட்டியலில் டிசம்பர் 31 என்று தேதி போட்டிருந்தால், தேதி தெரியாது என்று அர்த்தம். ஐம்பதாம் ஆண்டு வருகிறது, ஆகவே டிஸ்க் வரும் என்பார்கள். ஆண்டுவிழா உரிமைச் சிக்கலைத் தீர்க்காது. கிரைடீரியன் புத்தாண்டுக்கு வெளியிடும் புதிர் ஓவியத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அது விளையாட்டு, அதில் உண்மையிலேயே குறிப்பும் இருக்கும். நானும் பார்ப்பேன்.

பழைய பதிப்பு கடையில் தீர்ந்துவிட்டதே, புதுப் பதிப்புக்கு இடம் விடுகிறார்கள் என்ற வாதம்தான் கையைக் கடிக்கும். பெரும்பாலும் நேர்மாறானது நடந்திருக்கும், உரிமம் முடிந்திருக்கும். 2010இல் ஸ்டுடியோகனால் நிறுவனத்திடமிருந்த உரிமங்கள் கைவிட்டுப்போனதும் கிரைடீரியனின் பல டிஸ்க்குகள் ஒரேயடியாக நின்றன. 'தி தேர்ட் மேன்' ப்ளூ-ரே அவற்றில் ஒன்று. அவர்கள் ப்ளூ-ரே போட ஆரம்பித்த புதிதில், 2008 கடைசியில் வந்தது. அந்தப் பதிப்பின் கூடுதல் அம்சங்களுக்காக இன்றும் தேடுகிறார்கள்.

புதிதாக வருவது நல்லதாகத்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. என் சக தொழிலாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆனால் உண்மை உண்மைதானே. 2010இல் வந்த 'பிரிடேட்டர்' ப்ளூ-ரேயில் ஃபிலிம் கிரெயினை நீக்குகிறேன் என்று முகங்களை மெழுகு பொம்மை ஆக்கிவிட்டார்கள். 'பேட்டன்' 2008இல் அதே கதி, 2012இல் திருத்திப் போட்டார்கள். 'தி ஃபிரெஞ்ச் கனெக்ஷன்' 2009இல் இயக்குநரே வண்ணத்தை மாற்றினார். ஒளிப்பதிவாளர் கொதித்தார். 2012இல் மறுபடி சரிசெய்தார்கள். ஒலியிலும் இது உண்டு. 1996இல் 'வெர்டிகோ'வை ரெஸ்டோர் செய்தபோது காலடி ஓசை, துப்பாக்கிச் சத்தம் எல்லாம் புதிதாகப் பதிவு செய்தார்கள், பழைய ஒலியை விரும்பியவர்கள் இன்றுவரை முணுமுணுக்கிறார்கள். கிரெயின் என்பது அழுக்கு என்று நினைப்பவர்களுக்கு: படமே அந்தத் துகள்களால் ஆனது. அதைத் துடைத்தால் முகத்தில் உள்ள ரோமக்கால்களும் கூடவே போகும்.

இனி கேட்டுக்கொள்வதைச் சுருக்கமாகக் கேட்டுவிடுகிறேன்.

புது டிஸ்க் கைக்கு வந்து, முழுதும் ஓடவிட்டுப் பார்த்து, பழையதில் இருந்த ஒலியும் வர்ணனையும் காட்சிகளும் அதில் இருக்கின்றன என்று தெரியும்வரை பழையதை விற்காதீர்கள். தெரிந்த பிறகும் யோசியுங்கள்.

வெளியிடும் நிறுவனம் தன் பெயரில், தேதியோடும் ஒலி, வடிவ விவரங்களோடும் அறிவிக்காத எதற்கும் பணம் கட்டாதீர்கள். "உள்ளே ஆள்" கதை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். திடீரென்று அரிய படம் ப்ளூ-ரேயில் கிடைத்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சான டிஸ்க் வெள்ளியாகப் பளபளக்கும். கணினியில் ரைட் செய்த டிவிடி ஊதா கலந்து தெரியும், ரைட் செய்த ப்ளூ-ரே கருமையாக இருக்கும். இதை மட்டும் வைத்துத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. வார்னர் ஆர்கைவ் 2009இல் தொடங்கியபோது ஆர்டருக்கேற்ப ரைட் செய்த டிவிடிகளைத்தான் முறையாக விற்றது. ஆனால் பெயரே கேள்விப்படாத நிறுவனம், உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லாத உறை, இவற்றோடு கருமையான அடிப்பக்கமும் சேர்ந்தால் அது பெரும்பாலும் டிவியில் பதிவு செய்ததைப் பெரிதாக்கிய சரக்கு.

வெளிநாட்டுப் பதிப்பு வாங்கும்போது பிராந்தியக் குறியீட்டை, அதாவது எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைப் பாருங்கள். 4கே டிஸ்குக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை. அதே பெட்டியில் வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம், கூடுதல் அம்சங்கள் அதில்தான் இருக்கும்.

அப்புறம், வரப்போவதைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதியை அலமாரியில் இருப்பதற்குக் கொடுங்கள். 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில ஓடாமல் போகின்றன என்று வார்னர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. கீறல் ஒன்றுகூட இருக்காது, ஆனாலும் ஓடாது. முதல் பத்து நிமிடம் ஓடியது என்று திருப்திப்படாதீர்கள். இரண்டு அடுக்கு டிஸ்க், முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதற்குத் தாண்டும் இடத்தில், அதாவது படத்தின் நடுவாக்கில் உறைந்து நிற்கும். அங்கிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

உரிமையாளர் குடும்பங்களுக்குத் தொலைபேசியில் தொல்லை கொடுப்பதை நிறுத்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சில ஆயிரம் பிரதி போடும் சின்ன நிறுவனம் ஒன்று அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும். இதற்குள் நாலு பேர் அழைத்து "உலகமே காத்திருக்கிறது" என்று சொன்னால், அந்த வீட்டில் கேட்கும் தொகை ஏறிவிடும். சின்ன நிறுவனம் கையைத் தூக்கிவிட்டுப் போய்விடும். இப்படிக் கெட்டுப்போன பேச்சுவார்த்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு எழுதவே கூடாது என்று சொல்லவில்லை, எழுதுங்கள். தேதியை மட்டும் கேட்காதீர்கள். உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள். முதல் வெளியீட்டில் படம் எத்தனை நிமிடம் ஓடியது என்று அச்சிட்ட துண்டுப் பிரசுரம், பாட்டுப் புத்தகம், அசல் மோனோ ஒலியோடு இருக்கும் லேசர் டிஸ்க், எங்கோ வாங்கி வைத்த 16 எம்எம் பிரிண்ட் என எதுவானாலும். வெட்டுப்பட்ட காட்சி எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு துண்டுப் பிரசுரம் உதவியிருக்கிறது. பிரிண்ட் வைத்திருந்தால் முதலில் டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காமல், மற்ற ரீல்களிலிருந்து விலக்கிக் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்திலுள்ள காப்பகத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.