நெறியாள்கை

வடமராட்சி இளைஞர் சிலர் எடுத்த குறும்படமொன்றின் பெயர்ப்பட்டியலை, எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி அண்மையில் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஒப்பனை, இசை என்று வரிசையாக வந்த பணிப்பெயர்களில் அவர்களுக்குள் எந்தக் கருத்துவேறுபாடும் இருக்கவில்லை. ஒரு வரியில் மட்டும் 'நெறியாள்கை / இயக்கம்' என்று இரண்டு சொற்கள் சாய்கோட்டுடன் நின்றன. "எது சரியோ அதை வைச்சுக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கோ அண்ணை" என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது. ஒரு சொல்லை வெட்டுவதற்கு முன் இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பதால், அவர்களுக்கு எழுதிய மறுமொழியைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

தமிழ்நாட்டில் 'இயக்கம்', 'இயக்குநர்' என்று வழங்குவதையே ஈழத்தில் 'நெறியாள்கை', 'நெறியாளர்' என்கிறோம். இச்சொல் திரைக்கு வருமுன்பே மேடையில் வேரூன்றிவிட்டது. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைக் குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய பின், நாடகத்தை முறையாகப் பயின்று செய்யும் ஒரு தலைமுறை இங்கே உருவானது. இன்று பாடசாலையில் 'நாடகமும் அரங்கியலும்' படிக்கும் பிள்ளைக்கும் நெறியாள்கை என்பது பழகிய பாடச்சொல். ஆகவே கமராவைக் கையில் எடுக்கும் இளைஞர், பெரும்பாலும் மேடையிலோ வகுப்பிலோ கேட்ட சொல்லைத்தான் திரைக்கும் கொண்டுவருகிறார்.

சொல்லைப் பிரித்தால் நெறி + ஆள்கை. நெறி என்பது வழி. அதிலும் மனம்போன போக்கில் அமையாத, வகுக்கப்பட்ட வழி. 'பொய்தீர் ஒழுக்க நெறிநின்றார் நீடுவாழ் வார்' என்று வள்ளுவர் சொல்லும் நெறி அதுதான். ஆள்கை என்பதில் 'ஆள்' பகுதி. 'கை' செய்கை, வருகை என்பவற்றில் வரும் தொழிற்பெயர் விகுதி. 'ஆள்' என்றவுடன் அரசாள்வதையே நினைக்கிறோம். ஆனால் கையாளுதல், எடுத்தாளுதல், சொல்லாட்சி ஆகியவற்றில் அதே வினை 'தக்கபடி பயன்படுத்துதல்' என்னும் பொருளில் நிற்கிறது. எனவே நெறியாள்கை என்பது ஒரு படைப்புச் செல்லவேண்டிய வழியை வகுத்து, அவ்வழியிலே எல்லாவற்றையும் கையாண்டு கொண்டுசெல்லும் தொழில். அதைச் செய்பவர் நெறியாளர். சிலர் 'நெறியாள்கையாளர்' என்று எழுதுகிறார்கள். அது ஆளுக்கு மேல் ஆளை ஏற்றுவதாகும், தேவையில்லை.

'டைரக்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அங்கே 'ரெகெரே' என்னும் வினைக்கு நேராகச் செலுத்து என்பதும் ஆள் என்பதும் ஆகிய இரண்டு பொருள்களும் உண்டு. நெறி, ஆள் என்னும் இரண்டு தமிழ்ப் பகுதிகளும் அந்த இரண்டு பொருள்களையும் அப்படியே தாங்கி நிற்கின்றன. சொல்லை அமைத்தவர் இலத்தீனைப் பார்த்து அமைத்தாரோ இல்லையோ, பொருத்தம் வியப்புக்குரியது.

இனி 'இயக்குநர்'. இதையும் நான் குறைத்து மதிக்கவில்லை. இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு போல. தானே இயங்காத ஒன்றை இயங்கச் செய்பவர் இயக்குநர். 'நர்' பொருநர் என்பதில் காணும் பழைய விகுதி. ஆகவே 'இயக்குனர்' என்று றன்னகரம் இட்டு எழுதுவது பிழை. பழந்தமிழில் 'இயவு' என்றால் வழி, 'இயவுள்' என்றால் தலைவன். அப்படிப் பார்த்தால் இச்சொல்லின் குடும்பத்திலும் ஒரு பாதை ஓடத்தான் செய்கிறது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் 'இயக்கம்' என்ற சொல்லுக்கு, போர்க்காலத்தில் ஆயுதமேந்திய விடுதலை அமைப்பு என்னும் பொருளில், வேறொரு வாழ்க்கை நேர்ந்துவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய எவரிடமாவது அச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள். படம் நினைவுக்கு வராது. 'பெடியன் இயக்கத்துக்குப் போட்டான்' என்று ஒரு தாய் சொன்ன வாக்கியம்தான் வரும். அவ்வளவு பாரம் ஏறிய சொல்லை ஒரு படத்தின் முகப்பில் வைத்து, அதன் கீழே ஓர் இளைஞரின் பெயரை எழுதுவதற்கு என் கை தயங்குகிறது. அகராதி இந்தத் தயக்கத்தை அறியாது, ஆனால் முன்வரிசையில் இருந்து பார்க்கும் அம்மா அறிவார்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் திணைக்களத் தலைவரும் டைரக்டர், படம் எடுப்பவரும் டைரக்டர். தமிழ்நாட்டிலும் பள்ளிக் கல்வி இயக்குநர், திரைப்பட இயக்குநர் என்று ஒரே சொல்தான். சிங்களத்தில் இரு பொருளுக்கும் 'அத்யக்ஷ' என்பதே வழங்குகிறது. மேலிருந்து கண்காணிப்பவர் என்னும் அந்த வடசொல் நம்மிடம் 'அத்தியட்சகர்' என்று வந்து, பொலிசிலும் வைத்தியசாலையிலும் பதவிப்பெயராக நின்றுவிட்டது. இலங்கைத் தமிழில் வலயக் கல்விப் பணிப்பாளர் வேறு, நாடக நெறியாளர் வேறு. பணிப்பது ஓர் அலுவலகத்தின் வேலை. நெறிப்படுத்துவது ஒரு கலையின் வேலை. பிறமொழிகள் ஒன்றாகக் கட்டிய இரண்டையும் பிரித்தறியும் வசதி நமக்கு வாய்த்திருக்கும்போது, அதை நாமே கைவிடுவது இழப்பு.

ஒரு தெளிவு தேவை. தமிழ்நாட்டில் 'நெறியாளர்' என்றால் தொலைக்காட்சி விவாதத்தை நடத்துபவர், அல்லது ஆய்வு மாணவரை வழிநடத்தும் பேராசிரியர். நமது படம் அங்கே திரையிடப்படுமானால் சிலர் ஒருகணம் தடுமாறக்கூடும். படத்தைப் பார்த்து முடிக்கும்போது அந்தத் தடுமாற்றம் தீர்ந்துவிடும்.

பழைய நாடகங்களைப் பற்றிப் படிப்போருக்கு வேறொரு குழப்பம் வரும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தைத் 'தயாரித்தார்' என்று எழுதுவது வழக்கம். பணம் போட்டார் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பிரித்தானிய நாடக உலகில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இன்று நாம் நெறியாளர் என்பவரையே 'புரொடியூசர்' என்றார்கள். அந்த வழக்கு நம் எழுத்திலும் தங்கிவிட்டது. பின்னர் திரைப்படத்தின் செல்வாக்கால், தயாரிப்பாளர் என்றாலே முதல் போடுபவர் என்றாகிவிட்டது.

'தயார்' என்பது அரபியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல். அதைத் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. மக்கள் வாயில் ஊறிவிட்டது. ஆயினும் தயாரிப்பாளரின் பணியைத் தமிழ் எவ்வளவு துல்லியமாகச் சொல்லவல்லது என்பதைக் காட்டாமல் என்னால் கடக்க முடியாது. சங்கத் தொகைநூல்களுக்குத் தொகுத்தோர் ஒருவர், தொகுப்பித்தோர் ஒருவர் என்று இருவரைச் சொல்வார்கள். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஓலையைத் தேடி அடுக்கியவர் புலவர், அதற்கு ஆதரவாக நின்றவன் அரசன். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டிலும் 'நாம் எடுப்பிச்ச' என்கிறான் இராசராசன். கல்லைச் செதுக்கியது அவனில்லை என்பது 'பி' என்னும் ஓர் எழுத்திலேயே தெளிவாகிறது. நாமும் 'படம் எடுத்தார்' என்றுதானே பேசுகிறோம்? எடுத்தவர் நெறியாளர் என்றால், எடுப்பித்தவர் தயாரிப்பாளர். சொல் வழக்குக்கு வருமோ தெரியாது, ஆனால் பொருள் கச்சிதமாக இருக்கிறது.

நெறியாளர் என்ற சொல் வருமுன் நம் ஊர்களில் அந்த வேலையைச் செய்தவர் அண்ணாவியார். அண்ணாவி என்றால் ஆசிரியர். ஆட்டமும் பாட்டும் பழக்குவது, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று முடிவுசெய்வது, தாளம் பிசகினால் நிறுத்தித் திருத்துவது எல்லாம் அவர் கையில். ஆனால் அரங்கேற்றத்தன்று அவர் மறைந்து நிற்பதில்லை. களரியில் நின்று மத்தளம் அடித்துக் கூத்தை நடத்துவார். திரைப்பட நெறியாளரோ படத்தில் எங்கும் தெரியமாட்டார். இந்த வேறுபாட்டால்தான் அண்ணாவியார் என்ற அழகிய பெயரைப் படத்துக்கு அப்படியே எடுத்துவைக்க முடியாது என்று கருதுகிறேன்.

நெறியாளர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை அந்த இளைஞரின் படப்பிடிப்பில் ஒரு பின்னேரம் அருகிலிருந்து பார்த்தேன். கிடுகு வேலி, தகரப் படலை, உள்ளே ஓர் அம்மா. தெருவில் சைக்கிள் மணி கேட்டதும் அவர் ஓடிவந்து படலையைத் திறக்க வேண்டும் என்று எழுத்தில் இருந்தது. இருமுறை எடுத்தார்கள். ஒளிப்பதிவாளருக்கு வெளிச்சம் திருப்தி, ஒலிப்பதிவாளருக்கு மணியோசை திருப்தி. நெறியாளரான பிள்ளை மட்டும் பேசாமல் நின்றது. பிறகு கிட்டப்போய், "அம்மா, படலையைத் திறக்காதேங்கோ. கொண்டியிலை கையை வைச்சுக்கொண்டு நில்லுங்கோ. மணி தாண்டிப் போகட்டும்" என்றது. மூன்றாம் முறை மணியோசை கிட்ட வந்து, வேலியோரமாகத் தேய்ந்து போயிற்று. கொண்டியிலிருந்து கை மெல்ல இறங்கியது. அந்த முற்றத்தில் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. கமராவையோ விளக்கையோ அந்தப் பிள்ளை தொடவில்லை. எல்லோருடைய வேலையும் போகவேண்டிய வழியை மட்டும் மாற்றியது.

மற்றப் பணிப்பெயர்களில் சொல்வதற்கு அதிகமில்லை. 'உதவி நெறியாளர்' என்பதை, பாதி நெறியாள்கை செய்பவர் என்று விளங்கிக்கொள்ளக்கூடாது. யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்கவேண்டும் என்ற ஒழுங்கெல்லாம் அவர் தலையில். முதற் காட்சியில் இடக்கையில் இருந்த குடை அடுத்த காட்சியில் வலக்கைக்குப் போகாமல் காப்பவரைத் 'தொடர்ச்சி பார்ப்பவர்' என்றாலே போதும். 'கலை இயக்குநர்' என்று அவர்கள் எழுதியிருந்ததைக் 'கலையமைப்பு' என்று மாற்றினேன், வீட்டையும் பொருளையும் காட்சிக்கேற்ப அமைப்பதே அவர் வேலை என்பதால்.

பட்டியலைத் திருப்பி அனுப்பும்போது 'இயக்கம்' என்பதையும் அதற்கு முன்னிருந்த சாய்கோட்டையும் நீக்கியிருந்தேன். கடைசியில் 'படலை தந்தவர்' என்று ஒரு வரியும், அதன்கீழ் அந்த வீட்டு அம்மாவின் பெயரும் இருந்தன. அந்த வரியில் நான் கை வைக்கவில்லை.