தாத்தாவின் படத்துக்கு நிறம் ஏற்றாதீர்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் அளவு மாதிரிகளைச் செய்து கொடுப்பது என் தொழில். டர்பனில் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் பொழுதுபோக்காக மாடல் கட்டுபவர்கள். மீதிப்பேர், பெட்டியடியில் கிடந்த பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “இதில் இருக்கும் விமானத்தை அப்படியே செய்து கொடுங்கள்” என்று கேட்கும் நம் குடும்பத்தார். இந்தக் கட்டுரை இரண்டாம் வகையினருக்கு. சென்ற மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த ஒரு படத்தைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே கோலத்தில் எத்தனையோ படங்களை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

உள்ளங்கை அளவுப் படம். லிபியப் பாலைவனத்தில் ஒரு டோமஹாக் விமானத்தின் அருகே அரைக்கால் சட்டையோடு நிற்கிறார் தாத்தா. படத்தை ஓர் அட்டையில் கோந்து வைத்து ஒட்டி, அதன்மேல் லேமினேட் செய்திருந்தார்கள். பின்புறத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததாக அவருடைய மகளுக்கு நினைவிருக்கிறது. இனி அதைப் பிரித்தால் படமே கிழியும். அது போதாதென்று, கைபேசிச் செயலி ஒன்று நிறம் ஏற்றிக் கொடுத்த பிரதியை நம்பி, விமானம் எந்தப் படையுடையது என்று காட்டும் வட்டச்சின்னத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட டீக்கால் தாளையும் (மாதிரியின்மேல் ஒட்டும் சின்னத் தாள்) அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் மறுத்ததும் பேத்திக்கு வருத்தம். “ஏன் அங்கிள், ஆப் இவ்வளவு தெளிவா காட்டுதே?”

இந்தத் தெளிவுதான் என் உயிரை வாங்குகிறது. கறுப்பு-வெள்ளைப் படத்தில் நிறம் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. அதில் இருப்பது சாம்பலின் ஏற்ற இறக்கம் மட்டுமே, அந்த ஏற்ற இறக்கமும் எந்தப் ஃபிலிமில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். 1931இல் விற்பனைக்கு வந்து, சாதாரண மக்களின் பெட்டிக் கேமராக்களில் பல ஆண்டுகள் ஓடிய கோடக் வெரிகுரோம் ஃபிலிம் ஆர்த்தோகுரோமாட்டிக் வகையைச் சேர்ந்தது. சிவப்பு ஒளி அதற்குத் தெரியவே தெரியாது. எனவே அதில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், மஞ்சள் இருண்டு போகும், நீலமோ வெளிறித் தெரியும். எல்லா நிறத்தையும் உணரும் பாங்குரோமாட்டிக் ஃபிலிமில் அதே மஞ்சள் வெளிர் சாம்பலாகவும் நீலம் அடர்த்தியாகவும் விழும். ஒரே விமானத்தை ஒரே நாளில் இரு ஃபிலிம்களில் எடுத்தால், ஒரு படத்தில் வெளிறிய வளையம், மற்றதில் கறுத்த வளையம். செயலிக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது எங்கோ பார்த்த லட்சக்கணக்கான படங்களை வைத்து, இங்கே இந்த நிறம் இருக்கலாம் என்று ஊகிக்கிறது. ஊகத்தைப் பளபளப்பாகக் கொடுப்பதால் நீங்கள் அதைச் சான்று என்று எடுத்துக்கொள்கிறீர்கள். தாத்தாவின் காக்கிச் சட்டையைப் பச்சையாக்கிய அதே செயலி, சின்னத்தின் நிறத்தை மட்டும் சரியாகச் சொல்லும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

ஃபிலிமின் வகையைப் படத்தை வைத்தே பல நேரங்களில் கண்டுபிடித்துவிடலாம். பிரிட்டிஷ் முறையில் வால்துடுப்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று பட்டைகள் இருக்கும், சிவப்பு எப்போதும் முன்பக்கம். சாட்ஸ்வொர்த் படத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது முன்பட்டை மைபோலக் கறுத்தும், பின்பட்டை வானத்தைவிடச் சற்றே அடர்த்தியான சாம்பலாகவும் இருந்தன. சிவப்பு இருண்டு நீலம் வெளிறிய இடத்தில் மஞ்சளும் இருண்டுதான் இருக்கும். எனவே வட்டத்தைச் சுற்றிய கறுப்பு வளையம் உண்மையில் மஞ்சள். நெகடிவ் கிடைத்திருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது, ஏனென்றால் ஃபிலிமின் பெயர் பெரும்பாலும் அதன் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். நெகடிவ்களைக் குப்பையில் போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் பேசும். 1942இன் நடுப்பகுதிவரை போர்விமானங்களின் உடற்பகுதியில் இருந்த 35 அங்குல வட்டத்தில் வெளியோர மஞ்சள் வளையத்தின் அகலம் 5 அங்குலம். அதன்பின் வந்த 36 அங்குல வட்டத்தில் வெள்ளையும் மஞ்சளும் தலா 2 அங்குலமாகச் சுருங்கின. 48இல் ஒரு பங்கு மாதிரியில் இந்த 2 அங்குலம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான், ஆனாலும் பழகிய கண் அதைப் பார்த்ததும் ஆண்டைச் சொல்லிவிடும். சாட்ஸ்வொர்த் படத்தில் இருந்தது அகலமான பழைய வளையம். லிபியத் துறைமுகமான டோப்ருக் வீழ்ந்த 1942 ஜூன் 21ஆம் தேதி தாத்தா சிறைப்பட்டார், படம் அதற்கு முன்பு எடுத்தது என்று குடும்பத்தார் சொல்லிவந்த செய்தியோடு அது பொருந்துகிறது.

இனி, இந்த நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று. தென்னாப்பிரிக்க விமானப்படை வட்டச்சின்னத்தில் சிவப்புக்குப் பதிலாக ஆரஞ்சு நிறத்தைப் பயன்படுத்தியது. ஆனால் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் இருப்பிலிருந்து கிடைத்த விமானங்கள் சிவப்பு நடுப்புள்ளியோடு வந்தன; சிலவற்றில் அதன்மேல் ஆரஞ்சு பூசினார்கள், சிலவற்றில் பூசவில்லை. ஆர்த்தோ ஃபிலிமில் இரண்டுமே கறுப்பு. இதற்குப் படத்தில் விடை தேடிப் பயனில்லை, ஆவணத்தில்தான் தேட வேண்டும். வட்டத்தின் நடுவே துள்ளும் ஸ்பிரிங்பாக் மானை வைக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: அது போருக்குப் பின் வந்தது. விமானத்தின் மூக்கில் சுறாவாய் வரையச் சொல்பவர்களுக்கும் ஒரு வரி: பாலைவனத்தில் அது பிரிட்டிஷ் 112ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமான அணியின் அடையாளம், உங்கள் தாத்தா அருகில் நின்ற விமானத்துக்கெல்லாம் அது வளராது.

விமானத்தை அடையாளம் காட்டுவது உடற்பகுதியிலுள்ள பெரிய குறியெழுத்துகள் அல்ல. AX என்றால் தென்னாப்பிரிக்க 1ஆம் ஸ்குவாட்ரன், DB என்றால் 2ஆம் ஸ்குவாட்ரன். அடுத்து வரும் தனி எழுத்து, ஒரு விமானம் விழுந்தால் அடுத்ததற்குப் போய்விடும். மாறாதது வாலருகே 8 அங்குல உயரத்தில் எழுதப்பட்ட தொடர் எண். அது கிடைத்தால் ஸ்குவாட்ரனின் நடவடிக்கைப் பதிவேட்டில் தேடலாம். பிரிட்டிஷ் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையிலும், நம் படையின் தாள்கள் பிரிட்டோரியாவிலுள்ள பாதுகாப்புப் படை ஆவண மையத்திலும் இருக்கின்றன. அந்த எண் பெரும்பாலும் படத்தின் ஓரத்தில்தான் விழுந்திருக்கும். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று நீங்கள் கத்தரித்து எறிவதும் அந்த ஓரத்தைத்தான்.

படம் இடம் வலமாகத் திரும்பி அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். A, X, H, M போன்ற எழுத்துகள் கண்ணாடியிலும் அப்படியே தெரியும், அவற்றை வைத்து முடிவு செய்ய இயலாது. ஸ்பிட்ஃபயர் போர்விமானம் என்றால் விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கம் மட்டுமே உண்டு; அது வலப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பி அச்சாகியிருக்கிறது.

அருங்காட்சியக விமானங்களைப் படமெடுத்து வந்து அதே நிறத்தைக் கேட்பவர்களும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் சாக்ஸன்வோல்டில் இருக்கும் மெஸ்ஸர்ஷ்மிட் 262 இரவுப் போர்விமானம் போன்ற அரிய பொருள்களை நேரில் பார்ப்பது பெரும் பேறுதான். ஆனால் காட்சிக்கு வைத்த எந்த விமானமானாலும், அதன் மேலுள்ளது போர்க்காலப் பூச்சா பிற்காலத்தில் அடித்ததா என்று அங்குள்ளவர்களைக் கேட்காமல் நிறத்தைக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் மெதுவாகச் சொல்ல வேண்டும். “தாத்தா ஓட்டிய விமானம்” என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்கப் படையின் இந்திய மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்த நம்மவர்களுக்கு அன்றைய அரசு துப்பாக்கியே கொடுக்கவில்லை, விமானத்தை எங்கே கொடுத்திருக்கும்? அவர்கள் லாரி ஓட்டினார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள், ஆயுதம் இல்லாமலே குண்டுமழையில் நின்றார்கள். மாதிரியின் அடியில் நான் அதைத்தான் எழுதுவேன்.

ஆகவே, தயவுசெய்து படத்தை லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டாதீர்கள், கத்தரிக்காதீர்கள், பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் 1200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, எந்தத் திருத்தமும் செய்யாமல் அனுப்புங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். ஆல்பத்தில் இருந்தால் பிரிக்காமல் ஆல்பத்தோடு கொண்டுவாருங்கள். டீக்காலை நீங்களே அச்சடிக்க வேண்டாம். வேலை முடிந்ததும், எந்த நிறத்துக்குச் சான்று இருக்கிறது, எது என் ஊகம் என்று தனித்தனியாக எழுதிய தாள் ஒன்றை மாதிரியோடு தருவேன். அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.