கருமுட்டைக்குள் போகும் உட்கருவுக்கு என்ன நடக்கிறது?

“மேடம், என் தோல்ல இருந்து ஒரு செல் எடுத்து, டோனர் முட்டையில வச்சா என் ஜாடையிலேயே குழந்தை வருமாமே?” ஐவிஎஃப் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். இதைத்தான் குளோனிங் என்கிறோம். மனிதக் குளோனிங்கை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்கள் அறவே தடை செய்திருக்கின்றன. சட்டம் கிடக்கட்டும். முட்டையே அதற்கு எளிதில் இடம் கொடுக்காது.

குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டை எல்லோருக்கும் தெரியும். அதற்காக ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகத்தில் மடிச் செல் சேர்த்துத் தயாரித்த முட்டைகள் 277. ஆடுகளின் கருப்பையில் வைக்கும் அளவுக்கு வளர்ந்த கருக்கள் 29. 1996 ஜூலையில் பிறந்த குட்டி ஒன்றே ஒன்று.

முட்டை காத்திருப்பது விந்தணுவுக்காக. விந்தணுத் தலைக்குள் டிஎன்ஏவை புரோட்டமின் என்ற புரதம் இறுக்கிச் சுருட்டி வைத்திருக்கும். முட்டை அந்தப் புரோட்டமினை உருவி எறிந்துவிட்டு, தன் கையிருப்பில் உள்ள ஹிஸ்டோன்களைப் (சாதாரண செல்களில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்கள்) போட்டுச் சுற்றுகிறது. டிஎன்ஏ மேல் ஒட்டியிருந்து மரபணுக்களை அடக்கி வைக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளில் பெரும்பகுதியை அழிக்கிறது. இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்து 16–18 மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஊசிக்குள் சின்னக் கீற்றாகத் தெரிந்த அந்தத் தலை ஊதி உருண்டு, உள்ளே புள்ளிகளோடு, முட்டையின் உட்கருவுக்குப் பக்கத்தில் நிற்கும். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

வேறு செல்லின் உட்கரு வந்தாலும் முட்டை இதையேதான் செய்யப் பார்க்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கர்டன், தவளை முட்டையின் சொந்த உட்கருவைப் புறஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்து, தலைப்பிரட்டையின் குடல் செல் உட்கருவை அதற்குள் செலுத்தினார். அது வீங்கியது, பழைய புரதங்கள் வெளியேற, முட்டையின் புரதங்கள் உள்ளே போயின. 1962-ல் அவர் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே இரை தின்னும் தலைப்பிரட்டைகளாயின. 2012-ல் நோபல் பரிசு வந்தது.

மற்றவை ஏன் தோற்றன? குடல் செல்லோ தசைச் செல்லோ, தனக்கு வேண்டாத மரபணுக்களை ஹிஸ்டோன் மேல் குறியிட்டுப் பூட்டி வைத்திருக்கும். கரு தன் மரபணுக்களை இயக்கத் தொடங்கும் முன், கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் முட்டையால் எல்லாப் பூட்டையும் திறக்க முடிவதில்லை. திறந்திருப்பதை மூடுவதும் கஷ்டம்தான்: தசை உட்கருவிலிருந்து வளர்ந்த தவளைக் கருக்களில், தசையாகாத இடங்களிலும் மயோடி என்ற தசை மரபணு ஓயாமல் வேலை செய்ததைக் கர்டன் குழுவே பின்னாளில் காட்டியது. 2018-ல் சீன விஞ்ஞானிகள் அறிவித்த இரண்டு குளோன் குரங்குகளுக்கும், அந்தப் பூட்டுக் குறிகளை நீக்கும் நொதியை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அப்போதும் பிழைத்தவை, பிறக்காத கருச்சிசுவின் செல்லிலிருந்து வந்தவைதான். வளர்ந்த குரங்கின் செல்லிலிருந்து பிறந்தவை சீக்கிரமே இறந்துவிட்டன.

சிகிச்சைக்கு வருபவர்களுக்கு இதில் ஒரு விஷயம் நேரடியாக உதவும். “12 முட்டை எடுத்தீங்க, எட்டுக்குத்தான் ஊசி போட்டீங்களா?” என்று கோபப்படுவார்கள். முதிராத முட்டையில் இந்த ஏற்பாடுகள் இன்னும் முழுமையாகியிருக்காது. விந்தணுவைச் செலுத்தினாலும் அதன் தலை பெரும்பாலும் சரியாக விரியாது. அதனால், முட்டை முதிரும்போது வெளித்தள்ளும் துருவச் செல் என்ற சின்னச் செல் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவோம். ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கையோடு ‘எம்2’, அதாவது முதிர்ந்த முட்டை, எத்தனை என்றும் கேட்டு வாங்குங்கள்.