பாதுகாப்புக் குடை: பிடித்திருப்பது யார் கை?

செய்தி விவாதங்களில் 'செக்யூரிட்டி அம்ப்ரெல்லா' என்று அடிக்கடி காதில் விழுகிறது. "உன்மேல் கை வைத்தால் என்மேல் வைத்த மாதிரி" என்று ஒரு வல்லரசு தன் கூட்டாளிக்குக் கொடுக்கும் வாக்குதான் அது. வாக்குக்குப் பின்னால் அணு ஆயுதம் நின்றால் அணுக்குடை.

அம்ப்ரெல்லாவின் வேர் லத்தீனில் நிழலைக் குறிக்கும் 'உம்ப்ரா'. இத்தாலிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சரி, தமிழில்? இந்த அரசியல் பொருளை நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டாம். புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழனிடம், உன் குடை வெயிலை மறைக்க எடுத்ததல்ல, வருந்தும் குடிகளைக் காக்க எடுத்தது என்கிறார். (பாடி முடித்து நிலவரிப் பாக்கியையும் தள்ளுபடி வாங்கிக்கொண்டார். குடைக்கும் காசுக்கும் நடுவில் உள்ள பேரம் அவ்வளவு பழசு!) ஆகவே 'பாதுகாப்புக் குடை' என்றே எழுதலாம். சிலர் எழுதும் 'பாதுகாப்பு வளையம்' பொருந்தாது, அது தலைவர்களைச் சுற்றிப் போலீஸ் நிற்பது.

குடையை மடக்கினால் என்ன ஆகும்? இதற்கு 'குடைசாய்ந்தது' என்று மட்டும் தலைப்புப் போடாதீர்கள், அது வண்டி கவிழ்வதற்கு. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தபோது, அந்தப் படைகளின் குடைக்குள் இருந்த சிங்கப்பூர் தனி நாடாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடமே கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்து, இஸ்ரேலிய ஆலோசகர்களை அழைத்துப் படை கட்டத் தொடங்கியிருந்தது. அப்புறம் 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியாவோடு ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு. அதில்கூட, தாக்குதல் வந்தால் 'உடனே கலந்து பேசுவோம்' என்பதுதான் வாக்கு.

தென்கொரியா வேறு வழி பார்த்தது. ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைப் பெரும்பாலும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1969இல் குவாம் தீவில் அமெரிக்க அதிபர் நிக்சன் சொன்னார், 1971இல் சுமார் 20,000 அமெரிக்க வீரர்கள் தென்கொரியாவிலிருந்து கிளம்பினார்கள். அதிபர் பார்க் சுங் ஹீ ரகசியமாக அணு ஆயுதத் திட்டத்தில் இறங்க, அதைத் தடுக்க அமெரிக்காவே ஓடிவந்து நெருக்க வேண்டியதாயிற்று.

இப்படிச் சொந்தமாகக் கட்டிக்கொள்வதற்குக் குடை என்ற சொல் ஆகாது. அதற்கு 'அரண்' இருக்கிறது, திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. 2035க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கும் அது சார்ந்த செலவுகளுக்கும் ஒதுக்குவதாக, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் நாடுகள் 2025இல் ஹேக் மாநாட்டில் ஒப்புக்கொண்டதே, அது அரண் கட்டும் செலவு. ஆனால் அதே வருடம் மார்ச்சில், பிரான்ஸின் அணு ஆயுதக் காப்பை மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் விரிப்பது பற்றிப் பேசலாம் என்றாரே பிரெஞ்சு அதிபர் மக்ரோன், அதை அரண் என்று எழுதினால் தப்பு. பயன்படுத்தும் முடிவு பிரெஞ்சு அதிபர் கையில்தான் இருக்கும் என்று அப்போதே சொல்லிவிட்டார். அதுவும் குடைதான், பிடிக்கும் கை மட்டும் வேறு.